மருந்தே சாப்பிடாதவருக்கு மருந்து கேட்காத டி.பி. வருமா?

வாசகர் கேள்விகளுக்கு நெஞ்சக நோய் மருத்துவரின் பதில்கள்

மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் பற்றி மும்பைத் தமிழ் வாசகர்கள் எழுதிய கடிதங்களை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்கள் எல்லோருமே பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். இந்த நோயை வெளியே சொல்வதற்கு இன்னும் இவ்வளவு அஞ்ச வேண்டியிருக்கிறதே என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். என் தம்பிக்கு 24 வயது. தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறான். ஒரு மாதமாக இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். சளியைச் சோதித்துப் பார்த்து டி.பி. என்றும், அதுவும் ரிஃபாம்பிசின் கேட்காத டி.பி. என்றும் சொல்லிவிட்டார்கள். அவனுக்கு இதற்கு முன் டி.பி. வந்ததே இல்லை. அக்கம்பக்கத்தில், "மாத்திரையை ஒழுங்காப் போட்டிருக்க மாட்டான், அதான் முத்திப்போச்சு" என்கிறார்கள். அம்மாவும் அதை நம்பிக்கொண்டு அவனைத் திட்டுகிறார். மருந்தே சாப்பிடாதவனுக்கு மருந்து கேட்காத டி.பி. எப்படி வரும்?
— ஒரு வாசகி, தாராவி

பதில்: சகோதரி, இந்தப் பதிலை உங்கள் அம்மாவுக்கு அப்படியே படித்துக் காட்டுங்கள். உங்கள் தம்பி எந்தத் தவறும் செய்யவில்லை. அவர் மூச்சோடு உள்ளே போன கிருமியே, ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான காசநோய் மருந்தை ஏற்கெனவே எதிர்க்கப் பழகிய கிருமி. அது எங்கோ, எப்போதோ, வேறு யாருடைய நுரையீரலிலோ அந்தத் திறனைப் பெற்று, இருமல் வழியாகக் காற்றில் கலந்து இவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தத் திறன் கிருமிக்கு எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காசநோய்க் கிருமிகள் பெருகும்போது அவற்றின் மரபணுவில் தற்செயலாகச் சிறு பிழைகள் நேர்கின்றன. ஏறக்குறைய 10 லட்சம் கிருமிகளில் ஒன்று ஐசோனியாசிட் என்ற இன்னொரு காசநோய் மருந்துக்கும், 10 கோடிக் கிருமிகளில் ஒன்று ரிஃபாம்பிசினுக்கும் கட்டுப்படாததாக, மருந்தை ஒரு தடவைகூடப் பார்க்காமலேயே பிறந்துவிடுகிறது. நுரையீரலில் குழி விழுந்த ஒரு நோயாளிக்குள் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். அந்த நிலையில் ஒரே ஒரு மருந்தைக் கொடுத்தால், கட்டுப்படுகிற கிருமிகள் எல்லாம் செத்து, கட்டுப்படாத அந்தச் சில கிருமிகள் மட்டும் மிஞ்சி, காலியான இடம் முழுவதையும் நிரப்பிக்கொள்ளும். இரண்டு மருந்துகளையும் ஒரே நேரத்தில் எதிர்க்கும் கிருமி தானாகப் பிறப்பது மிக மிக அரிது. அதனால்தான் காசநோய்க்கு எப்போதும் பல மருந்துகளைச் சேர்த்தே கொடுக்கிறோம். அந்தச் சேர்க்கை எங்காவது குலைந்தால், ஒவ்வொரு மருந்தாகக் கிருமி தாண்டிப் போய்விடுகிறது. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டையும் தாண்டியதைத்தான் எம்.டி.ஆர். என்கிறோம்.

முதல் நோயாளியின் உடலில் இப்படி உருவான கிருமி, அதன் பிறகு சாதாரணக் காசநோய் பரவுகிற அதே வழியில்தான் பரவுகிறது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், மிகக் கடுமையான எதிர்ப்புள்ள காசநோய் வந்தவர்களை ஆராய்ந்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 69 சதவீதம் பேருக்கு நோய் பிறரிடமிருந்து நேரடியாகத் தொற்றியது என்று அதில் தெரியவந்தது. உலக அளவில் 2023ஆம் ஆண்டின் கணக்கைப் பார்த்தால், முன்பு சிகிச்சை எடுத்தவர்களில் சுமார் 16 சதவீதம் பேருக்கும், முதல் முறையாக நோய் வந்தவர்களில் சுமார் 3.2 சதவீதம் பேருக்கும் ரிஃபாம்பிசின் எதிர்ப்போ எம்.டி.ஆர். எதிர்ப்போ இருக்கிறது. மூன்று சதவீதம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் முதல் முறை நோய் வருகிறவர்களின் எண்ணிக்கை மிகப் பெரியது என்பதால், உங்கள் தம்பியைப் போன்றவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் அவருக்கு நல்லது நடந்திருக்கிறது. முதல் மாத்திரைக்கு முன்பே சளியில் எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டார்கள். ஜீன்எக்ஸ்பர்ட், ட்ரூநாட் போன்ற கருவிகள் சில மணி நேரத்திலேயே அதைச் சொல்லிவிடும். முன்பெல்லாம் கிருமியை வளர்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் பயனில்லாத மாத்திரையை விழுங்கிக்கொண்டே, வீட்டிலும் பட்டறையிலும் இருமிக்கொண்டு இருந்திருப்பார். அடுத்ததாக, இந்த நோய்க்குக் கொடுக்கும் ஃப்ளோரோகுவினோலோன் வகை மருந்துகளுக்கும் எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்த்தார்களா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சளி கேட்டால், காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சை இழுத்து, நெஞ்சுக்குள்ளிருந்து இருமி எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். டப்பாவில் எச்சில் மட்டும் இருந்தால் எவ்வளவு நல்ல கருவியாலும் பயனில்லை.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். காசநோய்க்கு அரசே இலவசமாக மருந்து கொடுக்கிறது. அப்படியிருந்தும் இந்தியா போன்ற வளரும் நாடுகளில் மருந்துக்கு அடங்காத காசநோய் இவ்வளவு பரவக் காரணம், மக்கள் பாதியில் மாத்திரையை நிறுத்திவிடுவதுதானே?
— ஒரு வாசகர், செம்பூர்

பதில்: ஐயா, பாதியில் நிறுத்துவதும் ஒரு காரணம். அது மட்டும்தான் காரணம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி, பழி முழுவதையும் நோயாளியின் தலையில் ஏற்றிவிட்டோம். நோயாளிக்கு மருந்து எழுதியவர்கள், விற்றவர்கள், வாங்கி அனுப்ப வேண்டியவர்கள், சோதனை செய்ய வசதி செய்து தந்திருக்க வேண்டியவர்கள் ஆகிய எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு என்பதை நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

இந்த ஆபத்து மருத்துவ உலகுக்குத் தொடக்கத்திலேயே தெரியும். 1948இல் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தைத் தனியாகக் கொடுத்துச் சோதித்த முடிவுகள் வெளியானபோதே, முதலில் தேறிய பலருக்கு சில மாதங்களில் கிருமி அந்த மருந்துக்கு அடங்காமல் போனது பதிவாகிவிட்டது. மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் அதிலிருந்து பிறந்ததுதான். ஏழை நாட்டில் அதைச் செய்து காட்ட முடியும் என்பதை நிரூபித்ததில் நம் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நெரிசலான வீடுகளில் வாழும் ஏழை நோயாளிகளையும் வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம், அதற்கு சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் தங்கவைக்கத் தேவையில்லை என்று 1959இல் உலகுக்குச் சொன்னது. சேத்துப்பட்டில் இன்றும் இயங்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மையத்தின் வளர்ச்சிதான்.

வழி தெரிந்திருந்தும் நடந்தது வேறு. தாராவியையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 100 தனியார் மருத்துவர்களிடம் காசநோய்க்கு என்ன மருந்து எழுதுவீர்கள் என்று கேட்டு 1991இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்கள் 80 விதமாக எழுதியிருந்தார்கள். ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து மும்பையில் அதே கேள்வியை 106 மருத்துவர்களிடம் கேட்டபோது 63 விதமான சீட்டுகள் வந்தன. சரியாக எழுதியவர்கள் 6 பேர் மட்டுமே. 2012ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மும்பை இந்துஜா மருத்துவமனையின் டாக்டர் ஜரீர் உட்வாடியாவும் அவருடைய குழுவினரும், சோதித்துப் பார்த்த எந்த மருந்துக்கும் அடங்காத காசநோயோடு நான்கு நோயாளிகள் வந்திருப்பதாக அறிவித்தபோது நாடே அதிர்ந்தது. அந்த நால்வரில் மூவர் அதற்கு முன் பல தனியார் மருத்துவர்களிடம் முறையற்ற சிகிச்சை பெற்றவர்கள் என்பதைத்தான் நாம் மறந்துவிடக் கூடாது.

நோயாளிகள் என்னிடம் ஒரு பிளாஸ்டிக் பையில் பழைய சீட்டுகளைக் கொண்டுவருவார்கள். தேதி வாரியாக மேசையில் அடுக்கிப் பார்த்தாலே கதை புரிந்துவிடும். முதல் சீட்டில் இருமல் மருந்தும் அமாக்ஸிசிலினும் இருக்கும். அடுத்ததில் லெவோஃப்ளாக்சசின் ஐந்து நாளைக்கு. அது காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும் என்பதால் காய்ச்சல் சற்றே தணிந்து, நோயைக் கண்டுபிடிப்பது இன்னும் தள்ளிப்போகும். மூன்றாவது சீட்டில் காசநோய் மாத்திரை இருக்கும், ஆனால் உடல் எடைக்குப் போதாத அளவில். நான்காவதில், குணம் தெரியவில்லை என்று அதே மாத்திரையோடு ஓர் ஊசியைச் சேர்த்திருப்பார்கள். தோற்றுப்போன சிகிச்சையோடு ஒரே ஒரு புது மருந்தைக் கூட்டுவது, அந்தப் புது மருந்தையும் தனியாகக் கிருமியிடம் பலி கொடுப்பதற்குச் சமம்.

தனியார் மருத்துவர்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நகர்வது நியாயமாகாது. அரசுத் திட்டங்களும் இதே தவற்றைச் செய்தன. நோய் திரும்பி வந்தவர்களுக்கு, எதிர்ப்பு இருக்கிறதா என்று சோதிக்காமலேயே பழைய மருந்துகளோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியை மட்டும் சேர்த்துக் கொடுக்கும் முறையை வளரும் நாடுகள் பல ஆண்டுகள் பின்பற்றின. உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்த முறை அது. 2017இல்தான் அது கைவிடப்பட்டது. பணக்கார நாடுகளில் ஆய்வகங்கள் எதிர்ப்பைச் சோதித்துக்கொண்டிருந்த காலத்தில், ஏழை நாடுகளுக்கு நுண்ணோக்கி போதும் என்று முடிவு செய்தார்கள். நுண்ணோக்கியில் கிருமி இருப்பது தெரியும். எந்த மருந்துக்கு அது சாகும் என்பது தெரியாது. அந்த முடிவின் விலையை இன்றைக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மற்ற நாடுகளின் கதைகள் வேறு வேறு. சோவியத் யூனியன் உடைந்தபின் மருந்துத் தட்டுப்பாடும் நெரிசலான சிறைகளும் ரஷ்யாவில் இதைப் பெருக்கின. தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. தொற்று இதோடு சேர்ந்துகொண்டது. 2005-06இல் துகேலா ஃபெர்ரி என்ற சிற்றூரின் மருத்துவமனையில் மிகக் கடுமையான எதிர்ப்புள்ள காசநோய் கண்டறியப்பட்ட 53 பேரில் 52 பேர் இறந்துபோனார்கள். மருந்து வந்து சேராமல் போவது நம் நாட்டிலும் நடக்கிறது. 2024இல் பல மாநிலங்களில் மாத்திரைத் தட்டுப்பாடு ஏற்பட்டு நோயாளிகள் மையம் மையமாக அலைந்தார்கள். அப்படி விட்டுப்போன நாட்களுக்கும் அவர்களைத்தான் "ஒழுங்கா சாப்பிடல" என்று சொல்வீர்களா?

2023இல் உலகம் முழுவதும் சுமார் 4 லட்சம் பேருக்கு எம்.டி.ஆர். அல்லது ரிஃபாம்பிசினுக்கு அடங்காத காசநோய் வந்திருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். அந்த 4 லட்சத்தில் உரிய சிகிச்சைக்கு வந்து சேர்ந்தவர்கள் பாதிக்கும் குறைவு. மீதிப் பேர் இன்னும் இருமிக்கொண்டிருக்கிறார்கள் அல்லது இறந்துவிட்டார்கள்.

கேள்வி: எங்கள் மருமகளுக்கு எம்.டி.ஆர். டி.பி. தட்டு, டம்ளர், துணி எல்லாவற்றையும் பிரித்து வைத்திருக்கிறோம். வேறு என்ன பிரிக்க வேண்டும்?
— ஒரு வாசகி, முலுண்ட்

பதில்: எதையும் பிரிக்க வேண்டாம், அம்மா. பிரித்ததையும் சேர்த்துவிடுங்கள். இது தட்டாலும் துணியாலும் பரவாது, காற்றால் மட்டுமே பரவும். சன்னலைத் திறந்து வையுங்கள். சளியில் கிருமி இல்லை என்ற முடிவு வரும்வரை அவர் முகக்கவசம் அணியட்டும், முடிந்தால் தனியாகப் படுக்கட்டும். சரியான மருந்து தொடங்கிவிட்டால் தொற்றும் தன்மை வேகமாகக் குறையும். வீட்டில் உள்ள எல்லோரும், முக்கியமாகக் குழந்தைகளும் சர்க்கரை நோயாளிகளும், உடனே பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நோய் இல்லாதவர்களுக்கு அது வராமல் தடுக்க ஆறு மாதம் லெவோஃப்ளாக்சசின் கொடுக்கலாம் என்று வியட்நாமிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த ஆய்வுகளின் அடிப்படையில் 2024இல் பரிந்துரை வந்திருக்கிறது. அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். கடையில் வாங்கிச் சாப்பிடக் கூடாது. மருமகளுக்கு முட்டை, பருப்பு, பால் தாராளமாகக் கொடுங்கள். தட்டைப் பிரிப்பதற்குச் செலவிட்ட அக்கறையை அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்பதில் காட்டினால் அவர் சீக்கிரம் தேறுவார்.

கேள்வி: கோவண்டியில் மறுவாழ்வுக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். பகலிலும் விளக்குப் போட்டால்தான் வெளிச்சம். எங்கள் கட்டடத்தில் மட்டும் பல வீடுகளில் டி.பி. கட்டடத்துக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா?
— ஒரு வாசகர்

பதில்: நிச்சயமாக உண்டு. இருமலில் வெளிவரும் மிக நுண்ணிய துளிகள் காற்றோட்டம் இல்லாத அறையில் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். காற்று அவற்றை நீர்த்துப்போகச் செய்யும்; சூரிய ஒளி கிருமியைக் கொல்லும். உங்கள் வீட்டில் இரண்டுமே இல்லை. உங்கள் பகுதியின் லல்லுபாய் காம்பவுண்டு, நட்வர் பரேக் காம்பவுண்டு கட்டடங்களை ஆராய்ந்து 2018இல் வந்த அறிக்கையும் இதைத்தான் சொன்னது: கட்டடங்கள் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் நிற்பதால் கீழ்த்தளங்களுக்கு வெயிலும் காற்றும் வருவதில்லை, அங்கே காசநோயும் அதிகம். குடிசையிலிருந்து மக்களை எடுத்து நோய்க்கு வசதியான அறைக்குள் வைத்த திட்டத்தை யார் அனுமதித்தார்கள் என்ற கேள்வியை நீங்கள் சங்கமாகச் சேர்ந்து மாநகராட்சியிடம் கேட்க வேண்டும். அதுவரை வாசல் கதவையும் சன்னலையும் எதிரெதிராகத் திறந்து வையுங்கள். சன்னலை மறைத்து அலமாரி வைத்திருந்தால் நகர்த்துங்கள்.

கேள்வி: என் கணவருக்கு எம்.டி.ஆர். ஒன்றரை வருஷம் மருந்து, தினமும் ஊசி, காது கேட்காமல் போய்விடும் என்றெல்லாம் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். ஆறு மாதத்தில் குணமாகும் மருந்து வந்திருக்கிறது என்றும் கேள்விப்பட்டேன். எது உண்மை?
— ஒரு வாசகி, சயான் கோலிவாடா

பதில்: இரண்டும் உண்மை; முதலாவது முந்தைய காலத்தின் உண்மை. கனமைசின் போன்ற ஊசிகள் பலருடைய செவித்திறனைப் பறித்தன. மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன் அப்படிக் காது கேட்காமல் போனவர். அதே கொடுமைக்கு ஆளான தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா திசிலேயுடன் சேர்ந்து, எம்.டி.ஆர். காசநோய்க்கான புது மருந்தான பெடாகுவிலினின் காப்புரிமையை மேலும் நீட்டிக்கக் கேட்ட விண்ணப்பத்தை அவர் 2019இல் எதிர்த்தார். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. அந்த ஜூலையில் முதன்மைக் காப்புரிமையும் முடிந்ததால் வேறு நிறுவனங்களும் அதைத் தயாரிக்க வழி பிறந்தது. உங்கள் கணவருக்குக் கிடைக்கப்போகும் மாத்திரைக்குப் பின்னால் இந்த இரு பெண்களின் போராட்டமும் இருக்கிறது.

இப்போதைய ஆறு மாதச் சிகிச்சையில் பெடாகுவிலின், பிரிட்டோமானிட், லினிசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் ஆகிய நான்கு மருந்துகள். ஊசி இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்த இந்த முறைக்கு இந்திய அரசு 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. பெலாரஸ், உஸ்பெகிஸ்தான், தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆய்வில் இதை எடுத்தவர்களில் 89 சதவீதம் பேருக்கு நல்ல பலன் கிடைத்தது; பழைய முறையில் அது 52 சதவீதம்தான். 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தாது. எல்லா நோயாளிகளுக்கும் ஏற்றதா என்பதையும் மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பக்கவிளைவுகள் இதிலும் உண்டு. பெடாகுவிலின் இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கலாம் என்பதால் அவ்வப்போது ஈ.சி.ஜி. எடுப்பார்கள்; அதைத் தவறவிடக் கூடாது. லினிசோலிடால் பாதத்தில் எரிச்சல், மரத்துப்போதல், ரத்தசோகை, பார்வை மங்குதல் வரலாம். கால் எரிகிறது என்று அவர் சொன்னால், "மருந்துன்னா அப்படித்தான் இருக்கும்" என்று அடக்கிவிடாதீர்கள். அன்றைக்கே மையத்தில் சொல்லுங்கள், அவர்கள் அளவை மாற்றுவார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். பெடாகுவிலின் என்ற இந்தப் புது மருந்துக்கும் அடங்காத கிருமிகள் சில நாடுகளில் தலைகாட்டத் தொடங்கிவிட்டன. அதனால்தான் இந்த மருந்துகளைச் சோதனை இல்லாமல் யாரும் எழுதவும் கூடாது, விற்கவும் கூடாது என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

கேள்வி: மூன்று மாதமாக எம்.டி.ஆர். மருந்து சாப்பிடுகிறேன். இருமல் நின்றுவிட்டது, எடையும் ஏறியிருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் கோயில் கொடை வருகிறது. போய்விட்டு, ஒரு மாதம் அம்மா வீட்டிலிருந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு வரலாம் என்று நினைக்கிறேன். மருந்தை வந்து தொடர்ந்தால் போதுமா?
— ஒரு வாசகர், ஆண்டாப் ஹில்

பதில்: தம்பி, ஊருக்குப் போங்கள். ஆனால் மருந்தும் உங்களோடு வர வேண்டும். இருமல் நின்றதும் எடை ஏறியதும் மருந்து வேலை செய்வதன் அடையாளம். கிருமி முழுவதும் ஒழிந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அல்ல. மும்பைத் தமிழர்களிடம் சிகிச்சை அறுந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கொடைக்கு, கல்யாணத்துக்கு, வேலை போய்விட்டதற்கு என்று ரயிலேறுகிறார்கள். கையில் இருக்கும் மாத்திரை தீர்ந்ததும் அங்கே யாரைக் கேட்பது என்று தெரியாமல் விட்டுவிடுகிறார்கள்.

உங்களுக்கு நிக்ஷய் என்ற அரசுக் காசநோய்ப் பதிவேட்டின் எண் ஒன்று கொடுத்திருப்பார்கள். அது நாடு முழுவதும் செல்லும். டிக்கெட் எடுத்ததுமே உங்கள் மையத்தில் சொல்லி, அந்த எண்ணைக் கொண்டு சிகிச்சையை உங்கள் ஊர் மாவட்டக் காசநோய் மையத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். மாத்திரையும் மீதி ஈ.சி.ஜி., சளிப் பரிசோதனைகளும் அங்கேயே நடக்கும். திரும்பி வந்ததும் மறுபடி இங்கே மாற்றிக்கொள்ளலாம். பயண நாட்களுக்கும் அங்கே போய்ச் சேர்ந்து முதல் சில நாட்களுக்கும் தேவையான மாத்திரையைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். சத்துணவுக்கான மாதம் 1,000 ரூபாய் நீங்கள் கொடுத்த வங்கிக் கணக்குக்கே வரும் என்பதால் அதற்காக ஊரில் அலைய வேண்டியதில்லை. அங்கே மருந்து கிடைப்பதில் சிக்கல் என்றால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிடுங்கள்.

கடைசி சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்திருக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. புறப்படுவதற்கு முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னும் முடிவு வரவில்லை என்றால், அது வரும்வரை பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ரயில் பெட்டியில் ஒரு முழு நாளுக்கும் மேலாக உங்களோடு சேர்ந்து மூச்சுவிடப் போகிறவர்களில் கைக்குழந்தைகளும் இருப்பார்கள்.